நீதிபதிக்கு ஓட்டுப் போடலாமா?

திருப்பூர்ப் பெண்ணின் வழக்கும் வரைபடத்துக் கோடும்

காலை எட்டரை மணி. திருப்பூரில் பனியன் கம்பெனிகளின் வாசலில் மொபட்டும் சைக்கிளும் கம்பெனி வேனும் நெருக்கியடிக்கின்றன. பெண்கள் சாப்பாட்டுப் பையுடன் வேகமாக உள்ளே போகிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. பெயர் செல்வி என்று வைத்துக்கொள்வோம். செக்கிங் பிரிவில் வேலை. சொந்த ஊர் தேனிச் சீமையில் ஆண்டிப்பட்டி. கல்யாணம் நடந்தது அங்கே. புருஷனுடன் குடித்தனம் நடத்தியது பல்லடத்தில். அவன் தறி ஓட்டினான். பிறகு குடியும் அடியுமாகக் குடும்பம் உடைந்தது. இப்போது அவன் இருப்பது கரூரில். அவள் இருப்பது அனுப்பர்பாளையத்தில். ஒற்றை அறை வாடகை வீடு. கூடவே ஆறு வயது மகன்.

செல்வி நாம் கற்பனை செய்த பெண்தான். ஆனால் அவள் கதை கற்பனை அல்ல. இந்த ஊரில் எந்த லைன் வீட்டுக் கதவைத் தட்டினாலும் அதைப் போல ஒன்றைக் கேட்கலாம்.

மகனுக்கும் தனக்கும் ஜீவனாம்சம் கேட்க வேண்டும். செல்வி யாரிடம் போவாள்? பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருக்கும் மூத்த அம்மாளிடம்தான் முதலில் கேட்பாள்.

"ஏனுங்க அக்கா, கேஸ் போடணும்னா ஆண்டிப்பட்டிக்கே போகணுங்களா?"

"அது தெரியாது கண்ணு. ஆனா ஒண்ணு. ஒரு வாய்தாவுக்கு ஒரு நாள் லீவு. அதை மட்டும் கணக்குப் போட்டுக்க."

அந்த அம்மாள் சொன்னது சட்டப் புத்தகத்தில் இல்லை. ஆனால் விஷயத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது. எந்த ஊர்க்காரர் எந்தக் கோர்ட்டுக்குப் போவது என்பதை ஒரு கோடு தீர்மானிக்கிறது. அந்தக் கோட்டை யார் போடுகிறார்கள்? அதைப் போடுவதில் ஜனங்களுக்குப் பங்கு உண்டா? இதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

நீதிபதிக்கும் தொகுதி!

நம் நாட்டில் எம்.எல்.ஏ.வுக்குத் தொகுதி உண்டு. எம்.பி.க்குத் தொகுதி உண்டு. கவுன்சிலருக்கு வார்டு உண்டு. நீதிபதிக்குத் தொகுதி கிடையாது.

அமெரிக்காவில் அப்படி அல்ல. அங்கே பல ராஜ்யங்களில் நீதிபதிகளை ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். லூசியானா ராஜ்யத்தின் தலைநகரம் பேட்டன் ரூஜ். அங்கே குடும்ப வழக்குகளுக்கென்று தனிக் கோர்ட்டு இருக்கிறது. விவாகரத்து, குழந்தை யாரிடம் வளர்வது போன்ற வழக்குகளை விசாரிக்கும் அந்த நீதிபதிகளும் தேர்தலில் நின்று ஜெயித்து வருகிறவர்கள்தான்.

தேர்தல் என்றால் தொகுதி வேண்டும். தொகுதி என்றால் கோடு வேண்டும். ஜனங்கள் இடம் மாறினால் கோட்டையும் மாற்ற வேண்டும். அப்போது சண்டை வருகிறது.

அதே லூசியானாவில் 1972ம் ஆண்டு ஒரு வழக்கு வந்தது. நீதிபதித் தொகுதி ஒன்றில் ஜனங்கள் அதிகம், இன்னொன்றில் குறைவு. அப்படியானால் எல்லா ஓட்டுக்கும் ஒரே மதிப்பு இல்லையே என்பது வழக்கு. கோர்ட்டு என்ன சொன்னது தெரியுமா? சட்டசபை உறுப்பினர் ஜனங்களின் பிரதிநிதி. நீதிபதி அப்படி அல்ல. ஆகவே தொகுதிகள் சமமாக இருக்க வேண்டும் என்ற விதி நீதிபதித் தேர்தலுக்குப் பொருந்தாது என்றது. 1973ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டும் அதை ஒப்புக்கொண்டது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. லூசியானாவின் மேல் கோர்ட்டுக்கான தொகுதியில், நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பு மக்களின் ஓட்டு எடுபடாதபடி கோடு போட்டிருக்கிறார்கள் என்று இன்னொரு வழக்கு. 1991ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு, ஓட்டுரிமைச் சட்டம் நீதிபதித் தேர்தலுக்கும் உண்டு என்று தீர்ப்பளித்தது. 2024ல் அந்த மேல் கோர்ட்டின் தொகுதிக் கோடுகளைப் புதிதாகப் போட்டார்கள்.

மெக்சிகோ நாடு இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 2025 ஜூன் 1ந் தேதி அங்கே நாடு முழுவதும் நீதிபதித் தேர்தல் நடந்தது. ஓட்டுப் போட வந்தவர்கள் எத்தனை பேர்? நூற்றுக்குச் சுமார் 13 பேர்தான்!

திருப்பூர் எம்.பி. எந்த ஊருக்கு எம்.பி.?

அமெரிக்கா இருக்கட்டும். நம் ஊர்க் கோடு எப்படி இருக்கிறது? அதையும் பாருங்கள்.

திருப்பூர் ஜில்லா 2009 பிப்ரவரி 22ந் தேதி பிறந்தது. கோவை ஜில்லாவிலிருந்து திருப்பூர், அவிநாசி, பல்லடம், உடுமலை வந்தன. ஈரோடு ஜில்லாவிலிருந்து தாராபுரம், காங்கயம் பக்கங்கள் வந்தன. தாராபுரத்துப் பெரியவர்களைக் கேளுங்கள். வீட்டை மாற்றாமலே மூன்று ஜில்லாவில் குடியிருந்தவர்கள் அவர்கள்! 1979 வரை கோவை ஜில்லா. பிறகு பெரியார் ஜில்லா. அதுதான் பின்னர் ஈரோடு ஜில்லா. 2009 முதல் திருப்பூர் ஜில்லா.

இந்த ஜில்லாவில் 8 சட்டசபைத் தொகுதிகள். அவை எத்தனை பார்லிமெண்டுத் தொகுதிகளில் இருக்கின்றன தெரியுமா? ஐந்தில்!

திருப்பூர் வடக்கும் தெற்கும் திருப்பூர் பார்லிமெண்டுத் தொகுதியில். காங்கயமும் தாராபுரமும் ஈரோடு தொகுதியில். பல்லடம் கோவையில். உடுமலைப்பேட்டையும் மடத்துக்குளமும் பொள்ளாச்சியில். அவிநாசி நீலகிரியில்! அவிநாசிக்காரர் வீட்டு வாசலில் நின்றால் மலைக் குளிர் அடிக்காது. ஆனால் அவர் எம்.பி. நீலகிரி எம்.பி.

அப்படியானால் திருப்பூர் பார்லிமெண்டுத் தொகுதியின் மீதி நான்கு சட்டசபைத் தொகுதிகள் எவை? பெருந்துறை, பவானி, அந்தியூர், கோபிசெட்டிபாளையம். நான்குமே ஈரோடு ஜில்லாவைச் சேர்ந்தவை.

ஏன் இப்படி? கோடு முந்தி; ஜில்லா பிந்தி. சுப்ரீம் கோர்ட்டு முன்னாள் நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் தொகுதி வரையறைக் கமிஷன் வேலை செய்தது. 2001ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கை வைத்துக் கோடு போட்டது. அது அமலுக்கு வந்தது 2008 பிப்ரவரி 19ந் தேதி. ஜில்லா பிறந்ததோ அதற்கு ஒரு வருஷம் கழித்து.

ஆனால் அந்தக் கமிஷனிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. கோட்டை ரகசியமாகப் போட்டுவிட முடியாது. முதலில் உத்தேசக் கோட்டை வெளியிட வேண்டும். ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள் என்று தேதி கொடுக்க வேண்டும். பொதுக் கூட்டம் வைத்து ஜனங்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் கூட உட்காரலாம். அவர்களுக்கு அங்கே ஓட்டு இல்லை. இவை எல்லாம் 2002ம் ஆண்டுச் சட்டத்தில் எழுதியிருக்கிறது.

இந்த ஒரு வழக்கத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்குத் திரும்புவோம்.

கோர்ட்டின் கோடு வேறு

குடும்பக் கோர்ட்டுச் சட்டம் வந்தது 1984ல். புருஷன் பெண்சாதி வழக்கைச் சொத்து வழக்குப் போல வருஷக்கணக்கில் இழுக்கக்கூடாது. முதலில் சமரசம் பேசிப் பார்க்க வேண்டும். ஆலோசனை சொல்ல ஆள் இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். இரு தரப்பில் ஒருவர் விரும்பினாலும் விசாரணையை மூடிய அறைக்குள் நடத்த வேண்டும். இங்கே வக்கீல் வைத்துக்கொள்வது கட்சிக்காரரின் உரிமை அல்ல; கோர்ட்டு அனுமதித்தால் உண்டு. ஏழை எளியவர்கள் தாங்களே வாய் திறந்து பேச வேண்டும் என்பதற்காக அப்படி வைத்தார்கள்.

நீதிபதியை யார் நியமிக்கிறார்கள்? ஐகோர்ட்டின் சம்மதத்துடன் ராஜ்ய சர்க்கார். குறைந்தது ஏழு வருஷம் நீதித் துறையில் பதவி வகித்தவர் அல்லது ஏழு வருஷம் ஐகோர்ட்டு வக்கீலாக இருந்தவர் வரலாம். பெண்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. 62 வயதுக்கு மேல் பதவியில் இருக்க முடியாது.

எல்லைக்கோட்டை யார் போடுகிறார்கள்? அதுவும் ராஜ்ய சர்க்கார்தான். ஐகோர்ட்டைக் கலந்து கொண்டு கெஜட்டில் அறிவிப்பார்கள். கோட்டைப் பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம், மாற்றலாம். சட்டத்தின் 3வது பிரிவு அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது.

ஜனத்தொகை 10 லட்சத்தைத் தாண்டிய ஒவ்வொரு நகரத்துக்கும் குடும்பக் கோர்ட்டு வைத்தே ஆகவேண்டும். மற்ற ஊர்களில் சர்க்காருக்கு அவசியம் என்று தோன்றினால் வைக்கலாம். 2011ம் வருஷக் கணக்கில் திருப்பூர் நகரம் 10 லட்சத்தை எட்டவில்லை. ஆகவே இங்கே குடும்பக் கோர்ட்டு என்பது 'வைத்தே ஆகவேண்டும்' என்ற பட்டியலில் வந்தது அல்ல. 'வைக்கலாம்' என்ற பட்டியலில் வந்தது. வைக்கலாம் என்பதில் எல்லை எவ்வளவு தூரம் என்பதும் சர்க்காரின் யோசனைதான்.

கோடு நீண்டால் என்ன ஆகும்?

இங்கேதான் ஒரு சிக்கல்.

குடும்பக் கோர்ட்டு இல்லாத இடங்களில் இந்து விவாகரத்து வழக்குகளைப் பக்கத்து ஊர் சப் கோர்ட்டிலேயே கேட்கிறார்கள். உடுமலைக்காரருக்கு உடுமலையில். தாராபுரத்துக்காரருக்குத் தாராபுரத்தில். ஆனால் ஒரு பகுதி குடும்பக் கோர்ட்டின் கோட்டுக்குள் வந்துவிட்டால், அந்தப் பகுதி வழக்கை மற்ற கோர்ட்டுகள் தொட முடியாது. இது 8வது பிரிவு.

அதனால் கோட்டை நீட்டினால் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. லாபம் என்ன? குடும்ப வழக்குக்கென்றே ஒரு நீதிபதி. சமரசம் பேச ஆள். மற்ற வழக்குக் கூட்டத்தில் உன் வழக்கு மூழ்காது. நஷ்டம் என்ன? தூரம்!

அமராவதி அணைப் பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருத்தியை நினைத்துப் பாருங்கள். கிராமத்திலிருந்து உடுமலைக்கு ஒரு பஸ். உடுமலையிலிருந்து பல்லடம் வழியாகத் திருப்பூருக்கு இன்னொரு பஸ். மடியில் குழந்தை. கோர்ட்டில் காத்திருந்து, மாலையில் "அடுத்த மாதம் வா" என்ற பதிலை வாங்கிக்கொண்டு அதே வழியில் திரும்ப வேண்டும். கோர்ட்டு எவ்வளவு நல்ல கோர்ட்டாக இருந்தாலும், மூன்றாவது வாய்தாவுக்கு அவள் வருவாளா?

பனியன் கம்பெனிப் பெண்ணுக்குத் தூரம் குறைவு. ஆனால் அவளுக்கு வேறு கஷ்டம். பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவளுக்கு லீவு நாளில் ஒரு பைசா கிடையாது. சனிக்கிழமைச் சம்பளக் கவரில் அந்த ஒரு நாள் பளிச்சென்று குறையும். கம்பெனிக்கு லீவு ஞாயிற்றுக்கிழமை. கோர்ட்டுக்கும் லீவு ஞாயிற்றுக்கிழமை!

எதிர்த்தரப்புப் புருஷன் இதை நன்றாக அறிவான். வாய்தா வாய்தாவாகத் தள்ளினால் அவள் தானே களைத்துப் போவாள் என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு.

அப்படியானால் ஓட்டுப் போடலாமே!

"கோட்டையும் நீதிபதியையும் சர்க்கார் தீர்மானிப்பதால்தானே இந்தக் கஷ்டம்? அமெரிக்கா மாதிரி நாமே நீதிபதியைத் தேர்ந்தெடுத்தால் அவர் நம் கஷ்டத்தைக் கேட்பாரே!"

இப்படிச் சிலர் கேட்கலாம். கேட்பதில் தப்பில்லை. ஆனால் திருப்பூரை மனதில் வைத்து யோசித்துப் பாருங்கள்.

திருப்பூரில் வேலை செய்கிறவர்கள் யார்? தேனி, திண்டுக்கல், மதுரை, நெல்லைச் சீமைகளிலிருந்து வந்தவர்கள். பீகார், ஒடிசா, வங்காளத்திலிருந்து வந்தவர்கள். வருஷக்கணக்கில் இங்கே குடியிருக்கிறவர் இங்கே வாக்காளராகப் பதிவு செய்து கொள்ளலாம். சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் ரேஷன் கார்டையும் ஓட்டையும் சொந்த ஊரிலேயே வைத்துக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். ஜனத்தொகைக் கணக்கில் தலை இங்கே. வாக்காளர் பட்டியலில் பெயர் அங்கே.

நீதிபதி தேர்தலில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குப் பிரசாரம் செய்ய ஆள் வேண்டும். பணம் வேண்டும். சாதிக்காரர் வேண்டும். ஓட்டு எங்கே இருக்கிறதோ அங்கேதான் அவர் கும்பிடு போடுவார். செல்விக்கு இங்கே ஓட்டு இல்லை. அவள் புருஷனின் பெரியப்பா வீட்டில் இருபது ஓட்டு இருக்கலாம். வழக்கு நாளில் நீதிபதியின் கண்ணுக்கு எது பெரிதாகத் தெரியும்?

எல்லா அமெரிக்க நீதிபதியும் அப்படி நடக்கிறார் என்று சொல்லவில்லை. ஆனால் நடந்துவிடுமோ என்ற பயம் ஏழைக்கு வந்தாலே போதும். அவள் கோர்ட்டுப் படி ஏறமாட்டாள்.

நம் அரசியல் சட்டம் ஜில்லா நீதிபதிகளை ஐகோர்ட்டைக் கலந்து கவர்னர் நியமிக்க வேண்டும் என்று வைத்தது. கீழ்க் கோர்ட்டுகளின் மேற்பார்வையை ஐகோர்ட்டிடம் கொடுத்தது. ஓட்டு இல்லாதவரும் கோர்ட்டில் சமம் என்பதே அதன் அர்த்தம். ஆகவே நீதிபதிக்கு ஓட்டு வேண்டாம். இதில் சந்தேகம் இல்லை.

ஆனால் கோட்டுக்குக் காது வேண்டும்

நீதிபதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டாம் என்றால், வாயே திறக்கக்கூடாது என்று அர்த்தமா? இல்லை.

தொகுதிக் கோட்டை மாற்றும்போது உத்தேசத்தை வெளியிட்டு ஜனங்களின் ஆட்சேபத்தைக் கேட்க வேண்டும் என்று சட்டம் கட்டளையிடுகிறது. குடும்பக் கோர்ட்டின் கோட்டை மாற்றும்போது ஐகோர்ட்டைக் கேட்டால் போதும். பஸ் ஏறி வரப்போகிறவளைக் கேட்க வேண்டும் என்று குடும்பக் கோர்ட்டுச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை.

ஐந்து வருஷத்துக்கு ஒரு நாள் ஓட்டுச் சாவடிக்குப் போகிறோம். அது நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. வழக்கு நடக்கும்போது மாதாமாதம் கோர்ட்டுக்குப் போகிறோம். அதன் கோட்டைப் பற்றி நம்மை யாரும் கேட்பதில்லை. இது முறையா?

செய்யக் கூடியது மலை போன்ற காரியம் அல்ல. கோட்டை மாற்றும் முன் தாலுகா ஆபீசிலும் பஞ்சாயத்து ஆபீசிலும் அறிவிப்பு ஒட்டலாம். ஒரு மாதம் தவணை கொடுத்து யோசனை கேட்கலாம். வழக்குகள் எந்த ஊரிலிருந்து எத்தனை வருகின்றன என்று எண்ணிப் பார்க்கலாம். தலையை மட்டும் எண்ணாமல், பஸ் நேரத்தையும் எண்ண வேண்டும். தூரத்து ஊர்களைச் சேர்க்க வேண்டியிருந்தால், நீதிபதி மாதத்தில் சில நாள் உடுமலையிலும் தாராபுரத்திலும் உட்கார்ந்து விசாரிக்க ஏற்பாடு செய்யலாம். ஆயிரம் பேர் ஒருவரைத் தேடிப் போவதைவிட, ஒருவர் ஆயிரம் பேரைத் தேடி வருவது சுலபம் அல்லவா?

செல்வி எங்கே போகலாம்?

செல்வியை மறந்துவிடவில்லை. அவளைப் போன்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

ஜீவனாம்சம் கேட்க: புருஷன் இருக்கும் ஊரிலும் கேட்கலாம், மனைவி இப்போது குடியிருக்கும் ஊரிலும் கேட்கலாம், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊரிலும் கேட்கலாம். ஆகவே செல்வி கரூருக்கு ஓட வேண்டியதில்லை. அனுப்பர்பாளையத்தில் குடியிருக்கிறாள், திருப்பூரிலேயே மனுப் போடலாம். 2024 ஜூலை 1 முதல் இது புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 144, 145 பிரிவுகளில் வருகிறது. பழைய 125வது பிரிவு என்று சொல்வார்களே, அதுதான்.

இடைக்கால ஜீவனாம்சம்: வழக்கு முடியும் வரை பட்டினி கிடக்க வேண்டாம். இடைக்காலத் தொகை கேட்கலாம். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் முடிந்தவரை அதைத் தீர்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மனுப் போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் தர வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2020 நவம்பரில் கூறியிருக்கிறது.

விவாகரத்து: இந்து திருமணச் சட்டப்படி கல்யாணம் நடந்த ஊர், எதிர்த்தரப்பு இருக்கும் ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர் ஆகிய மூன்றில் ஒன்றில் வழக்குப் போடலாம். 2003ல் நாலாவது வாசல் ஒன்றும் திறந்தது. மனைவி வழக்குப் போட்டால், அவள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம்.

புருஷன் தூரத்தில் வழக்குப் போட்டுவிட்டால்: தமிழ்நாட்டுக்குள் என்றால் வழக்கை மாற்றச் சொல்லி ஐகோர்ட்டில் மனுச் செய்யலாம். பீகாரிலோ ஒடிசாவிலோ போட்டுவிட்டால் சுப்ரீம் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே: பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. வருமானம் எவ்வளவு என்று பார்க்க மாட்டார்கள். 1987ம் ஆண்டுச் சட்டம் அது. ஜில்லாக் கோர்ட்டில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் ஆபீசில் கேட்க வேண்டும்.

செல்விக்கு வழி தெரிந்துவிட்டது. திருப்பூரிலேயே மனுப் போடலாம். ஒரு வாய்தாவுக்கு ஒரு நாள் லீவு என்ற கணக்கு மட்டும் இன்னும் தீரவில்லை. அந்தக் கணக்கைக் குறைக்கும் அதிகாரம் கோடு போடுகிறவர்களின் கையில் இருக்கிறது. அடுத்த முறை கோட்டை மாற்ற வரைபடத்தை விரிக்கும்போது, கோவை ரோட்டையும் தாராபுரம் ரோட்டையும் பார்ப்பதோடு, அந்த ரோட்டில் குழந்தையுடன் பஸ்ஸுக்கு நிற்கிறவளையும் அவர்கள் பார்க்க வேண்டும்.